இதில் வட சென்னை எங்கே?

தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்தில், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒலி, ஒளி, கணினி ஆகியவற்றைக் கொண்டு செய்யும் கலைகளைப் பழகிவருகிறோம். சென்ற பருவத்தின் முடிவில் அவர்களுடைய படைப்புகளைப் பெற்றோரும் மற்றவர்களும் வந்து பார்க்கும்படி மையத்தின் மாடியில் வைத்திருந்தோம். நகரின் தென்பகுதியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கலையை ஊன்றிப் படித்தவர். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசியவர். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டும் பார்த்தும் முடித்த பிறகு, படியிறங்கும்போது என்னிடம், "எல்லாமே நல்லாருக்குங்க. ஆனா இதுல வட சென்னை எங்க இருக்கு?" என்று கேட்டார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்ட கேள்வி அல்ல அது. மெய்யாகவே எதையோ தேடி வந்து, கிடைக்காமல் திரும்புகிறவரின் கேள்வி. அதனால்தான் அதை எளிதில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும், மெட்ரோவில் நிற்கும்போதும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இங்கே அதை எழுதிப் பார்க்கிறேன்.

அவர் தேடியது என்னவென்று எனக்குத் தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். காசிமேட்டுப் படகுகள், துறைமுகத்தின் கிரேன்கள், எண்ணூரின் புகைபோக்கிகள், குத்துச்சண்டைக் கையுறை, கானா, சட்டி மேளம், ஹவுசிங் போர்டு மாடிப்படி. இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை, இவற்றில் பலவற்றை நான் நெஞ்சார நேசிக்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகளின் கைக்குக் கேமரா வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்பே இவை எல்லாம் திரும்பத் திரும்பப் படமாகிவிட்டன. வட சென்னை என்றால் எப்படித் தோன்ற வேண்டும் என்பதற்கு ஓர் அச்சு ஆயத்தமாக இருக்கிறது. அது வார்க்கப்பட்டபோது இந்தப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

அந்த அச்சு எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதை முதல் மாதத்திலேயே பார்த்தோம். அவரவர் தெருவை ஒரு நிமிடக் காணொளியாக எடுத்து வரும்படி சொல்லியிருந்தோம். அந்தி வெளிச்சத்தில் கிரேன், மெதுவாக நடந்து வரும் கால்கள், பின்னணியில் கானாத் தாளம் என்று ஒன்றைப் போலவே மற்றொன்றும் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் வீடு இருப்பது நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்யும் கடைகள் நிறைந்த தெருவில். காகித அடுக்குகளை வெட்டும் இயந்திரம் இறங்கி ஏறுவதை நாளெல்லாம் பார்த்து வளர்ந்தவன் அவன். அவனும் சைக்கிள் எடுத்துக்கொண்டு துறைமுக மதில் வரை போய்ப் படம் பிடித்திருந்தான். ஏன் அவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டதற்கு, "எங்க தெரு வட சென்னை மாதிரி இருக்காதுக்கா" என்றான். அவன் பிறந்த தெரு, அவன் பிறந்த ஊரைப் போல இல்லையாம். இதைச் சொன்னபோது அவன் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. தெரிந்த ஒரு விவரத்தைச் சொல்வதைப் போலத்தான் சொன்னான்.

செயற்கை நுண்ணறிவில் படம் வரைய வைக்கலாம் என்று பிள்ளைகளே கேட்டபோது அதையும் செய்து பார்த்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வட சென்னையில் பள்ளிக்குப் போகும் பெண் என்று எழுதிக் கொடுத்தாள். கலைந்த தலை, அழுக்குப் படிந்த கன்னம், கண்ணில் ஈரம், பின்னால் தகரக் கூரை என்று ஒரு படம் வந்தது. கேட்டவளோ இஸ்திரி போட்ட சீருடையில், எண்ணெய் வைத்து இரட்டைச் சடை மடித்துக் கட்டி, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "இது நானில்ல" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை மூடினாள். ஏற்கெனவே உலகில் குவிந்துகிடக்கும் படங்களிலிருந்து பழகிய பொறி, அந்தக் குவியலில் அதிகம் இருப்பதையே திருப்பித் தரும். புது ஊடகம் என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு கருவி புதிதாக எதையும் பார்த்துவிடாது என்பதை விளக்க எனக்கு இதைவிட நல்ல பாடம் அமைந்ததில்லை.

படம் வளைந்தபோது

ஆகவே கேமராவை ஓரமாக வைத்துவிட்டுப் படம் என்பது எதனால் ஆனது என்று பார்க்கத் தொடங்கினோம். 2006இல் தொடங்கித் தமிழக அரசு வீடுகளுக்கு இலவசமாகத் தந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் இந்தப் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. பிள்ளைகளில் ஒருத்தியின் ஆயா, தன் டிவியைத் தர முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயமே. காயலான் கடையில் அதே வகைப் பெட்டி ஒன்று ஓடும் நிலையிலேயே கிடைத்தது. செட்டாப் பாக்ஸை இணைத்தோம். பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கண்ணாடித் திரைக்கு அருகே கொண்டுபோனோம்.

செய்தி வாசித்துக்கொண்டிருந்தவரின் முகம் ஒரு பக்கமாக இழுபட்டு, கன்னத்தில் பச்சையும் ஊதாவும் வளையங்களாகப் பரவின. காந்தத்தை நகர்த்தினால் வளையங்களும் நகர்ந்தன. குழாய்க்குள் பின்பக்கத்திலிருந்து எலெக்ட்ரான்கள் பாய்ந்து வந்து திரையில் மோதுகின்றன. காந்தம் அவற்றின் பாதையை வளைக்கிறது. சிவப்புப் புள்ளியில் விழ வேண்டியது பச்சைப் புள்ளியில் விழுகிறது. இதைக் கலையாகவே செய்து காட்டியவர் கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக். 1963இல் ஜெர்மனியின் வூப்பர்ட்டால் நகரில், உள்ளமைப்பை மாற்றிய தொலைக்காட்சிப் பெட்டிகளைக் காட்சிக்கு வைத்தார். 1965இல் பெட்டியின் மேல் பெரிய காந்தம் ஒன்றையே வைத்தார். அன்று தொலைக்காட்சி என்பது நிலையத்தார் அனுப்புவதை வீட்டார் வாங்கிப் பார்ப்பது மட்டுமே. பார்க்கிறவரின் கையும் அதற்குள் நுழையலாம் என்று காட்டியதுதான் அவருடைய பெரும் பங்கு என்று நான் எண்ணுகிறேன். பள்ளிப் பிள்ளைகளோடு இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: பெட்டியின் பின்மூடியை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. படக்குழாயில் 20,000 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். காந்தத்தைக் கண்ணாடிக்கு வெளியே பிடிப்பதே போதுமானது.

காந்தத்தை எடுத்த பிறகும் திரையின் மூலையில் ஊதாக் கறை ஒன்று தங்கிவிட்டது. பிள்ளைகள் பதறிப்போனார்கள். பெட்டியை அணைத்து, சற்று நேரம் ஆறவிட்டு மறுபடி போட்டபோது, உள்ளேயிருக்கும் காந்தநீக்கக் கம்பிச்சுருள் "டம்ம்" என்ற ஓசையோடு வேலை செய்து கறையின் பெரும்பகுதியைத் துடைத்தது. துறைமுகத்துக்குச் சைக்கிளில் போன அதே பையன், "அப்போ டிவில வர்றது அப்படியே வர்றது இல்ல, அங்க போய் ஒவ்வொரு வாட்டியும் வரையுதா?" என்று கேட்டான். ஆம், நொடிக்கு 25 முறை முழுதாக வரைகிறது. எந்தப் படமும் யாரோ எங்கோ முடிவுசெய்து வரைந்ததுதான் என்பதை நான் ஒரு பருவம் முழுக்கப் பேசியும் புரியவைத்திருக்க முடியாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் புரியவைத்தது.

போர்டுக்குக் கீழே

அடுத்து ஒலிக்கு வந்தோம். மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு டீயின் விலையை ஒட்டிய விலைக்கு பீசோ தட்டு கிடைக்கும். பித்தளை வட்டத்தின் நடுவே வெள்ளைப் பீங்கான் வட்டம் ஒட்டிய சிறு தகடு அது. கடிகார அலாரத்திலும் பிறந்தநாள் இசை அட்டையிலும் இருப்பது. மின்சாரம் கொடுத்தால் வளைந்து ஓசை தரும். வளைத்தால் மின்சாரம் தரும். வளைத்தால் மின்சாரம் வரும் என்ற இந்தப் பண்பை 1880இல் கியூரி சகோதரர்கள் படிகங்களில் கண்டறிந்தார்கள். பித்தளையில் ஒரு கம்பியும் வெள்ளை வட்டத்தில் ஒரு கம்பியும் பற்றவைத்தால், பொருள்களின் மேல் ஒட்டிக் கேட்கும் ஒட்டுமைக் தயார். சால்டரிங் முனையை வெள்ளைப் பகுதியில் கணநேரத்துக்கு மேல் வைத்தால் அதன் மேல்பூச்சு உரிந்துவிடும் என்பதால், பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டு எடுத்தார்கள். ஆம்ப்ளிஃபையரை எங்கள் தெரு மைக் செட் கடைக்காரர் தந்தார். இணைத்துப் பார்த்தபோது ஓசை கீச்சென்று மெலிந்திருந்தது. கடைக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டு, "மைக் பாயிண்ட்ல குத்துனா லோ வராதும்மா, கிடார் பாயிண்ட்ல குத்து" என்றார். குத்தினோம், கனத்த ஓசை வந்தது. பீசோவுக்கு அதிக மின்மறுப்புள்ள உள்ளீடு, அதாவது மின்னோட்டத்தை மிகக் குறைவாகவே இழுக்கும் இணைப்பு வேண்டும் என்று நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை, கச்சேரிகளுக்கு ஆம்ப்ளிஃபையர் தூக்கிச் சென்ற அனுபவத்தால் அவர் காதாலேயே அறிந்திருந்தார்.

இந்த மைக்குக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் வரும் ஓசை அதற்கு ஏறக்குறையக் கேட்காது. ஒட்டியிருக்கும் பொருளுக்குள் ஓடும் அதிர்வு மட்டுமே கேட்கும். தெருவில் ஹாரன் அடித்தாலும், கோயில் ஒலிபெருக்கி முழங்கினாலும், பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் பதிவாகாது. ஜன்னல் கம்பி, தையல் இயந்திரம், தண்ணீர் டிரம் என்று பிள்ளைகள் கண்டதிலெல்லாம் ஒட்டிக் கேட்டார்கள். முன்பு நான் சொன்ன எட்டாம் வகுப்பு மாணவி தன் வீட்டுக் கேரம் போர்டைத் தூக்கி வந்தாள். வட சென்னையில் கேரம் எவ்வளவு பெரிய காரியம் என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். எங்கள் மாணவியின் அண்ணன்மார் ஆடும் போர்டு அது. அதைக் கவிழ்த்து, அடிப்பலகையின் நடுவில் பீசோ தட்டை டேப்பால் ஒட்டி, மறுபடி நிமிர்த்தி ஸ்டூலின் மேல் வைத்தாள்.

போரிக் பவுடரைத் தூவியதே கேட்டது. துகள்கள் மரத்தில் விழும் ஓசையை நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஸ்ட்ரைக்கர் சறுக்கியபோது, தொடங்கும் இடத்தில் கனத்தும் நிற்கும் இடத்தில் நூலாக மெலிந்தும் நீண்ட சீற்றம் ஒன்று அறையைக் கடந்து போனது. காய் கட்டையில் மோதியதும் பலகை முழுவதும் அதிர்ந்து, அடிவயிற்றில் உணரும்படி ஒரு முழக்கம் எழுந்தது. காய் குழிக்குள் விழுந்தபோது மட்டும் ஓசை வெட்டுப்பட்டதைப் போல நின்றது, ஏனென்றால் வலையில் தொங்கும் காய் பலகையைத் தொடுவதில்லை. அவள் சிவப்புக் காயைக் குழியில் போட்டு, அதை உறுதிசெய்யும் ஃபாலோவும் போட்டாள். ஒருவரும் கைதட்டவில்லை, அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, இத கேட்டா எந்த ஏரியான்னு யாராலயும் சொல்ல முடியாதுல்ல?" என்றாள்.

அது மகிழ்ச்சியோடு கேட்ட கேள்வி. ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டி ஒன்றுக்குப் போனபோது, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்ட வேறொரு பள்ளிப் பெண், இவள் தன் பகுதியின் பெயரைச் சொன்னதும், பெஞ்சில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். இதை என்னிடம் சொல்லி முடித்துவிட்டு, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்கப் போய்விட்டாள்.

எனக்கு எல்லாம் மாறியது அந்தக் கணத்தில்தான். அதுவரை நான் இந்தக் கலைகளை வெளிப்பாட்டுக் கருவிகளாக மட்டுமே நினைத்துவந்தேன்: பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொல்ல ஒரு வழி. ஆனால் இவளுக்கு வேண்டியிருந்தது வேறு. தன்னைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடாத ஒரு பொருள் அவளுக்கு வேண்டியிருந்தது. அவள் முகத்தைக் காட்டும் படமும், அவள் பேச்சைக் கேட்கும் பதிவும் அவளுக்கு முன்பாகவே ஓடிப்போய் அவளுடைய விலாசத்தைச் சொல்லிவிடும். கேட்பவர் அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வார். கேரம் போர்டின் அடியிலிருந்து வந்த ஓசையில் அந்த விலாசம் இல்லை. கேட்பவர் ஓசையைத்தான் கேட்டாக வேண்டும்.

அடுத்த வாரங்களில் அவள் ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்ட்ரைக்கர் சறுக்கும் ஒரு துண்டை வெட்டி, அது திரும்பத் திரும்ப ஓடும்படி அமைத்தாள். சுழல ஆரம்பித்த சற்று நேரத்தில் அது ஸ்ட்ரைக்கராக இல்லாமல் போய்த் தாளமாகிவிட்டது. 1948இல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷேஃபர் இதையே இசைத்தட்டில் செய்தார். பாட்டினோல் ரயில் நிலையத்தில் பதிவுசெய்த இன்ஜின் ஓசைகளை எடுத்துக்கொண்டு, தட்டின் வரித்தடத்தை வட்டமாக மூடி, ஒரே துண்டு சுழன்றுகொண்டே இருக்கும்படி செய்தார். ஓசையை அது எங்கிருந்து வந்தது என்ற நினைவிலிருந்து விடுவித்து, ஓசையாக மட்டும் கேட்பது அவருடைய நோக்கம். மூன்று நிமிடத்துக்கும் குறைவான அந்த ரயில் இசையை நாங்கள் எல்லோருமாகக் கேட்டோம். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகள் கூட்ஸ் வண்டி இணைப்புகள் இடித்துக்கொள்ளும் ஓசையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஷேஃபருக்கு அது அழகியல் கொள்கை. இவளுக்கோ அது, மடியில் பையை இறுக்கிக்கொள்ளாத ஒருவரைக் கண்டடையும் வழி. இவள் காரணம் எனக்கு இன்னும் வலுவாகப் படுகிறது.

எண்ணூரின் வட்டம்

இப்படிச் சொன்னதும், ஊரை மறைப்பதுதான் விடுதலையா என்று ஒரு கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். அதற்கான பதிலை எண்ணூரிலிருந்து வரும் பதினோராம் வகுப்பு மாணவன் கொண்டுவந்தான். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் வலைகளும் படகுகளும் கறுத்துப்போனதை நேரில் பார்த்தவன். அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியவன். அவனுக்குத் தன் ஊரைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் புகைபோக்கியைப் படம் எடுக்க அவனுக்கு விருப்பமில்லை. "அத பாத்து பாத்து எல்லாருக்கும் பழகிடுச்சுக்கா" என்றான்.

அவன் எண்களிடம் போனான். அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி, கீல் உடைந்து சுவரில் சாய்த்து வைக்கும் நிலையில் இருந்தாலும், பிரவுசர் ஓடியது. கலைஞர்களும் மாணவர்களும் நிரல் எழுதுவதற்கென்று 2001இல் கேசி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் ப்ராசஸிங் என்ற மொழியைத் தொடங்கினார்கள். அதைப் பிரவுசருக்குக் கொண்டுவந்தவர் லாரன் லீ மெக்கார்த்தி; பெயர் பி5.ஜேஎஸ். ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் அவன் "காற்று", "வட்டம்" என்றே எழுதினான். மணலியில் உள்ள காற்றுத் தர நிலையத்தின் பிஎம் 2.5 அளவை, அதாவது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களின் அளவைக் கொடுத்தால், அதற்கேற்பச் சாம்பல் நிற வட்டம் ஒன்று விரியும். 400க்கு 400 புள்ளித் திரை. வட்டத்தின் விட்டம் 10இல் தொடங்கி, உச்சம் என்று வைக்கும் அளவில் 200ஐத் தொடும்; அளவு உச்சத்தைத் தாண்டினால் வட்டமும் அதே விகிதத்தில் 200ஐத் தாண்டும்.

எந்த எண்ணை உச்சமாக வைப்பது என்பதில்தான் அவன் நின்றான். இந்தியாவின் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன வரம்பு 15. அன்று அவன் எடுத்துக்கொண்ட அளவு 48. உச்சத்தை 60 என்று வைத்தபோது வட்டம் திரையின் நடுவில் அடக்கமாக நின்றது. நம் அதிகாரப்பூர்வக் குறியீட்டின்படி அது மனநிறைவு தரும் காற்று. உச்சத்தை 15 என்று மாற்றினான். வட்டம் திரையின் நான்கு மூலைகளையும் தாண்டிப் போய்விட, வட்டம் என்ற ஒன்றே தெரியாமல் திரை முழுவதும் சாம்பலானது. காற்று அதே காற்று, எண்ணும் அதே எண். சுட்டியை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்படி செய்து, அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் விட்டான். ஒரு வரம்பைத் தேர்ந்தெடுப்பதே ஒரு கூற்று என்பதை இத்தனை சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்தப் பார்வையாளர் வந்தபோது இவனுடைய வேலை முடியவில்லை. முடிந்திருந்தால் இங்கே வட சென்னை இருக்கிறது என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் கேரம் போர்டிலும் அது இருந்தது. சுற்றி நான்கு பையன்கள் லுங்கியில் குனிந்து நிற்கும் புகைப்படத்தை வைத்திருந்தால் உடனே கண்டுகொண்டிருப்பார். அது கேரம் போர்டு என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பது அதைச் செய்தவளின் உரிமை. ஒருத்தி ஊரைத் தன் படைப்பில் மறைக்கிறாள், ஒருவன் உரக்கச் சொல்கிறான். இருவரும் தாங்களே முடிவுசெய்து செய்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் இந்தக் கருவிகளைக் கொண்டு செய்ய வேண்டியது அந்த முடிவு அவர்கள் கையைவிட்டுப் போகாமல் காப்பதே. எங்களுக்கு உதவ முன்வரும் நல்லெண்ணம் கொண்டவர்களின் விண்ணப்பப் படிவங்களில், பிள்ளைகளின் படைப்புகள் அவர்களுடைய சமூகப் பிரச்சினைகளை எவ்வாறு எடுத்துரைக்கும் என்று ஒரு கட்டம் தவறாமல் இருக்கிறது. வசதியான பள்ளிகளின் பிள்ளைகளிடம் யாரும் இதைக் கேட்பதாக நான் அறியவில்லை. அவர்கள் வடிவத்தையும் நிறத்தையும் ஓசையையும் அவற்றுக்காகவே தேடிப் போகலாம். இவர்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் தம் கஷ்டத்தை அடையாள அட்டையாகக் காட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கட்டத்தில் இப்போதெல்லாம், பிள்ளைகள் முடிவுசெய்வார்கள் என்று மட்டும் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் நகரத்தின் ஒரு கல்லூரி அரங்கில் இந்தப் படைப்புகளை வைக்க அழைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகைக்கு என்ன எழுதுவது என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். எண்ணூர்ப் பையன், தன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் நெட்டுக்குப்பம், எண்ணூர் என்று வர வேண்டும் என்றான். கேரம் போர்டுக்காரி நெடுநேரம் யோசித்து, பெயர், வகுப்பு, பிறகு மரம், பீசோ தட்டு, போரிக் பவுடர் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டையும் அவர்கள் எழுதியபடியே அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம்.